சும்மா வெட்டு

எங்கள் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்தால் சீப்புகளைக் கழுவ ஆரம்பித்துவிடுவார். கத்த மாட்டார், கதவை அறைய மாட்டார். கடையில் இருக்கிற அத்தனை சீப்பையும் மருந்துத் தண்ணீரில் போட்டு, ஒவ்வொன்றாக எடுத்துப் பல்லுக்குப் பல் தேய்ப்பார். இந்த வருஷம் சில மாதங்கள் எங்கள் சீப்புகள் பளபளத்த மாதிரி என்றைக்கும் பளபளத்ததில்லை. காரணம், போனில் விளையாடுகிற ஒரு பாட்டு விளையாட்டு. கேட்டால் சிரிப்பீர்கள். நானும் முதலில் சிரித்தவள்தான்.

அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. முடி வெட்டுவதுதான் தொழில். எனக்கும் அதேதான். கடை ஒன்று, நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் அவர், ஆண்களுக்கு. இந்தப் பக்கம் நான், பெண்களுக்கு. புருவம் திருத்துவேன், முடியைச் சீராக்குவேன், சாயம் போடுவேன். தடுப்பு கூரை வரைக்கும் போகாது. முகம் தெரியாதே தவிர ஒரு பெருமூச்சுகூடத் தப்பாமல் கேட்கும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் போட்ட சண்டையில் பாதி அந்தப் பலகைக்கு மேலாகத்தான் போய் வந்தது.

அதனால் அவர் வேலையை நான் காதால்தான் பார்ப்பேன். "சரக்" என்றால் முடி விழுகிறது. "சக், சக்" என்றால் கத்திரி காற்றை வெட்டுகிறது. இது முடி வெட்டுகிறவர்கள் எல்லோரிடமும் உண்டு. ஒரு கொத்தை வெட்டிவிட்டு, சீப்பு அடுத்த கொத்தை எடுக்கிற வரைக்கும் கத்திரி ஓய்வதில்லை. வெறும் காற்றில் திறந்து திறந்து மூடும். கையின் வேகம் விட்டுப்போகாமல் இருக்க அது வேண்டும். நாற்காலியில் இருப்பவருக்கும், வேலை இன்னும் முடியவில்லை, தலையை ஆட்டாதே என்று அதுதான் சொல்லும். நாங்கள் இதைச் சும்மா வெட்டு என்போம். ஆளுக்கு ஒரு கணக்கு. இவருடையது ஒரு வெட்டு, இரண்டு சும்மா வெட்டு. சரக், சக், சக்.

வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர் மாதம் தவறாமல் வருவார். கழுத்தில் துணி கட்டியதும் கண்ணை மூடி, இந்தச் சத்தத்திலேயே தூங்கிப்போவார். நாங்கள் அவரைத் தூக்கக்காரர் என்றுதான் எங்களுக்குள் சொல்வோம். எங்கள் மகளும் சின்ன வயதில் அப்படித்தான். பாதி வெட்டும்போதே தலை தொங்கிவிடும். சீப்புப் பிடித்த கையாலேயே அவள் தாடையைத் தாங்கிக்கொண்டு இவர் மீதியை முடிப்பார்.

ஒரே மகள். இப்போது வேறு ஊரில், ஒரு பெரிய மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறாள். ரத்தமும் குப்பிகளுமாக நாளெல்லாம் மல்லுக்கட்டு. ஒரு வாரம் பகல் வேலை, மறு வாரம் ராத்திரி வேலை. தினமும் போன் பண்ணுவாள். ஆனால் அப்பாவும் மகளும் போனில் பேசுகிற அழகைக் கேட்க வேண்டும்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேம்பா. நீங்க?"

"ஆச்சு. வேலையெல்லாம்?"

"போகுது."

"சரி, அம்மாகிட்ட குடுக்கறேன்."

அவ்வளவுதான். சரி, என்னிடம் வந்தாலாவது கொட்டுவாளா என்றால் அதுவும் கிடையாது. "எல்லாம் நல்லா இருக்கும்மா" என்பாள், முடிந்தது. நான் ஒன்று சொன்னால் ஒன்பது கேட்பேனாம். அதனால் எதுவும் சொல்லப் பயமாம். இதையும் அவரிடம்தான் சொல்லியிருக்கிறாள், என்னிடம் இல்லை.

அவளாகத்தான் ஒரு முறை விடுமுறைக்கு வந்தபோது இந்த விளையாட்டை அவர் போனில் போட்டுக் கொடுத்தாள். பாட்டு ஓடும். திரையில் நாலு பாதை. மேலிருந்து சின்னச் சின்னக் கட்டைகள் தாளத்துக்கு இறங்கி வரும். கீழே ஒரு கோடு. கட்டை அந்தக் கோட்டைத் தொடுகிற நேரத்தில் விரலால் தட்ட வேண்டும். சரியாகத் தட்டினால் பச்சை. தவறினால் சிவப்பு. சிவப்பு விழ விழ ஓரத்தில் இருக்கும் உயிர்க்கோடு குறைந்துகொண்டே வரும், தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது. கட்டையே இல்லாத இடத்தில் தட்டினாலும் சிவப்புதான். இந்தக் கடைசி விதியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பேர் இரண்டு ஊரில் இருந்தபடி ஜோடியாக விளையாடலாம். பேசிக்கொண்டும் விளையாடலாம். எங்கள் கடைக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. அவளும் அங்கே சண்டை போட்டுச் செவ்வாயையே வார விடுமுறையாக வாங்கிக்கொண்டாள். வீட்டில் நெட் இழுத்துக்கொண்டு கிடக்கும் என்று இவர் மத்தியானம் கடைக்குப் போய், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு உட்காருவார். துண்டு துவைக்க நானும் போவேன்.

அங்கேதான் அதிசயம் நடந்தது. போனில் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மகள், விளையாடும்போது மணிக்கணக்காகப் பேசினாள். எனக்கு இது புரியாமல் இல்லை. பெண்டாட்டியிடம் வாயே திறக்காத ஆண்கள் எல்லாம் இவர் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, வீட்டுக் கதை முழுவதையும் சொல்லிவிட்டுப் போவதை எத்தனை பார்த்திருக்கிறேன். முகத்தை முகம் பார்க்காமல் இருந்து, கையும் ஏதோ ஒரு வேலையில் இருந்தால், வாய் தானாக வரும் போலிருக்கிறது.

ஆனால் எனக்குக் கிடைத்தது இவருடைய பாதி மட்டும்தான். அவள் குரல் அவர் காதுக்குள் போய்விடும். "ஐயய்யோ, எப்போ?" என்பார். "டாக்டரைப் பாத்தியா?" என்பார். "கத்திரியா? எந்தக் கத்திரி? கட்டுப் போடற துணி வெட்டற கத்திரியாலயா முடிய வெட்டிக்கிட்ட?" என்று ஒரு முறை அலறினார். அப்புறம் வழக்கமான வரி: "சொல்லல, சொல்லல. அம்மாகிட்ட சொல்லல."

நான் இந்தப் பக்கம் துண்டைப் பிழிந்த பிழியில் அதற்கு உயிர் இருந்தால் போயிருக்கும். விளையாட்டு முடிந்ததும் கேட்பேன். "என்ன சொன்னா?" "ஒண்ணுமில்ல. நல்லா இருக்காளாம்." எனக்கு வயிறு எரியும். இருந்தாலும் யாரோ ஒருவரிடமாவது சொல்கிறாளே என்று விட்டுவிட்டேன்.

விளையாட்டில் இவர் சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரர். முடி வெட்டுகிற விரல் அல்லவா. வேகமான பாட்டுகளில் விரல்கள் பறக்கும். ஒவ்வொரு படியாக இருவரும் ஏறிக்கொண்டே போனார்கள். அப்புறம் அந்தப் பாட்டு வந்தது.

அது ஒன்றும் பிரமாதமான பாட்டு இல்லை. ஆரம்பம் வேகம், முடிவு வேகம். நடுவில் மட்டும் எல்லா வாத்தியமும் நின்றுபோகும். ஒரே ஒரு டிரம், தும் என்று ஒரு அடி. பிறகு நீண்ட மௌனம். மறுபடி ஒரு தும். அந்த ஓர் அடிக்கு ஒரு கட்டை இறங்கும், மற்ற நேரம் திரை காலி. மகள் அந்த இடத்துக்குப் பள்ளம் என்று பேர் வைத்தாள். எல்லோரும் அங்கேதான் கையை உதறிக்கொள்வார்களாம், தண்ணீர் குடிப்பார்களாம். அவ்வளவு சுலபம். இவர் அங்கேதான் விழுந்தார்.

விழுந்தார் என்றால் ஒரு தடவை இரண்டு தடவை இல்லை. ஒவ்வொரு தடவையும். மற்றவர்கள் நாக்குத் தள்ளுகிற இடத்தை எல்லாம் ஊதித் தள்ளிவிட்டு வருவார், பள்ளம் வந்ததும் சிவப்பு சிவப்பாகக் கொட்டும், உயிர்க்கோடு தீரும். சிவப்பு போடுகிற விளையாட்டு, எதனால் போட்டேன் என்று காரணமும் சொல்லித் தொலைக்காது. மகளுக்கு இவர் கோடு குறைவது தெரியும், ஏன் என்று தெரியாது.

"சும்மாதாம்மா இருக்கேன்" என்று இவர் கத்துவது எனக்குக் கேட்கும். "அட, சும்மாதான் இருக்கேன்னு சொல்றேன்ல. எனக்கு என்ன தெரியும், அதுவா சிவப்பு போடுது."

அவள் அன்றைக்குச் சாயங்காலம் எனக்குப் போன் பண்ணி அலுத்துக்கொண்டாள். "அம்மா, நீயாவது அப்பாவுக்குச் சொல்லேன். அந்த எடத்துல ஒண்ணுமே பண்ண வேண்டாம்மா. சும்மா இருக்கணும், அவ்ளோதான். சின்னக் குழந்தைகூட தாண்டிடும்."

நான் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "சும்மா இருக்கறது எவ்ளோ கஷ்டம்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு எல்லாச் சீப்பையும் தண்ணீரில் போட்டார்.

போனில் ஒட்டியிருந்த கண்ணாடியைப் பிய்த்துப் புதுசு ஒட்டினார். விரல் வியர்க்கிறது என்று வாடிக்கையாளர் கழுத்துக்குப் போடுகிற பவுடரை எடுத்து விரலுக்குப் பூசிக்கொண்டார். போனை மடியில் வைத்தார், நிமிர்த்தி வைத்தார், கடைசியில் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் மரத்தட்டில் கிடத்தி வைத்தார். பாட்டைப் பாதி வேகத்தில் ஓடவிட்டுப் பழகினார். பாதி வேகத்தில் பள்ளம் இன்னும் நீளமானதுதான் மிச்சம், சிவப்பும் இரண்டு மடங்கு வந்தது. கடையில் ஆள் இல்லாத நேரம் எல்லாம் அதே பாட்டு, அதே பள்ளம், அதே சீப்புக் கழுவல். எனக்கு மண்டை காய்ந்தது. கோடிக்கணக்கான பேர் விளையாடுகிற விளையாட்டில், கோடிக்கணக்கான பேர் தண்ணீர் குடிக்கிற இடத்தில் இந்த மனிதர் மட்டும் எப்படி மூழ்குகிறார் என்று யாருக்கும் பிடிபடவில்லை.

அதற்குள் மகளிடமிருந்து அந்தப் பேச்சு வந்தது. விளையாட்டில் சீசன் என்று ஒன்று உண்டாம். சீசன் முடிவதற்குள் ஜோடி அந்தப் பாட்டைத் தாண்டினால்தான் இருவருக்கும் அடுத்த படி. தாண்டாவிட்டால் ஜோடி கலைந்துவிடும், புதுசாகத்தான் சேர வேண்டும். அவள் வேலை செய்யும் இடத்தில் ஒரு அக்கா, நீ ஏன் அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுகிறாய், என்னோடு சேர்ந்துகொள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாளாம். ஒருவருக்கு ஒரு ஜோடிதான் அனுமதி.

"இதுல என்னம்மா இருக்கு. தாராளமா சேந்துக்கோ" என்று இவர் சொன்னது எனக்குக் கேட்டது. குரல் நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தவர், பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்துபோனார்.

"போன் இருக்கே, போன்ல பேசினா ஆகாதா?" என்றேன்.

"போன்ல என்ன பேசறது?" என்றார். "சாப்பிட்டியாம்பேன். சாப்பிட்டேம்பா. அவ்ளோதான் எனக்கு வருது. நான் என்ன பண்ண?"

எனக்கு அவள் மேல்தான் கோபம். பெற்ற அப்பனைக் கழற்றிவிட ஒரு விளையாட்டா? ஆனால் கத்தி என்ன பிரயோசனம், அவளாவது நாலு மாதம் பொறுத்தாள். செவ்வாய்க்கிழமை ஆட்டம் இல்லாமல் போனால் அவள் அங்கே படுகிற பாடு ஒன்றுமே எங்கள் இருவர் காதுக்கும் வராது. காய்ச்சல் வந்தாலும் தெரியாது, கண்ட கத்திரியால் முடியை வெட்டிக்கொண்டாலும் தெரியாது.

விஷயம் பிடிபட்டது ஒரு சாதாரண நாளில். மத்தியானம், என் பக்கத்தில் ஒரு டீச்சர் புருவம் திருத்த வந்திருந்தார். நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு வேலையில் இருக்கிறேன். பலகைக்கு அந்தப் பக்கம் இவர் வேலை செய்கிற சத்தம். ஒரு வெட்டு, இரண்டு சும்மா வெட்டு. ஒரு வெட்டு, இரண்டு சும்மா வெட்டு.

"உங்க வீட்டுக்காரருக்கு ஆள் இருக்கா? என் பையன அனுப்பலாம்னு பாத்தேன்" என்றார் டீச்சர்.

"யாரோ வந்திருக்காங்க போல. என்னங்க, யாரு வந்திருக்கா?"

பதில் இல்லை. ஸ்டூலில் ஏறி எட்டிப் பார்த்தேன். நாற்காலி காலி. கத்திரி ஆணியில் தொங்குகிறது. இவர் இயர்போனை மாட்டிக்கொண்டு மரத்தட்டின் மேல் குனிந்திருக்கிறார். பாட்டு அவர் காதுக்குள் ஓடுகிறது, எனக்கு வருவது மரத்தில் வைத்த போனில் விரல் விழுகிற சத்தம் மட்டும். டக். அப்புறம் டக், டக். திரையில் கட்டை ஒன்றுதான் இறங்குகிறது. இடது விரல் அதைத் தட்டுகிறது. வலது விரல் அதற்குப் பின்னால், ஒன்றுமே இல்லாத இடத்தில், இரண்டு தட்டுத் தட்டுகிறது. முகத்தில் அப்படி ஒரு கவனம். அந்தக் கை என்ன செய்கிறது என்று அந்த முகத்துக்குத் தெரியவே இல்லை.

டீச்சரை ஒரு புருவத்தோடு விட்டுவிட்டு அந்தப் பக்கம் ஓடினேன். இயர்போனைப் பிடுங்கினேன். "பாட்டைக் கேக்காதீங்க. உங்க விரலைக் கேளுங்க."

மறுபடி தட்டினார். பள்ளம் வந்தது. டக். டக், டக். கேட்டுவிட்டார். கையைத் தூக்கி, யாரோ அவர் சட்டைக்குள் வைத்துவிட்டுப் போன மாதிரி, அந்த விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சும்மா வெட்டறேனா?" என்றார்.

"ஆமா. முப்பது வருஷமா வெட்டறீங்க. போன்ல மட்டும் நிக்குமா?"

காரணம் தெரிந்துவிட்டது, இனிமேல் சுலபம் என்றுதான் நினைத்தோம். அங்கேதான் ஏமாந்தோம். தெரிந்த பிறகு நிலைமை இன்னும் மோசமானது. விரலைத் தடுக்கிற அவசரத்தில் நிஜமாக இறங்குகிற கட்டையையும் கோட்டை விட்டார். வலது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஆடினார், வேகமான இடத்தில் ஒரு கை போதவில்லை. பாட்டின் நடுவில் கையைக் கட்டி அவிழ்க்க முடியாது.

அப்புறம் ஒரு யோசனை செய்தார். யோசனை என்றா சொன்னேன், அது வினை. விரலில் இருக்கிற பழக்கம் கடையிலிருந்துதானே வருகிறது, கடையிலேயே நிறுத்திவிட்டால் என்ன என்று, வேலையில் சும்மா வெட்டை நிறுத்தினார். சரக். ஒன்றுமில்லை. சரக். ஒன்றுமில்லை. பலகைக்கு இந்தப் பக்கம் எனக்கு மூச்சு முட்டியது. அந்தச் சத்தத்தை நான் இத்தனை வருஷம் கேட்டதே இல்லை போலிருக்கிறது. நின்ற பிறகுதான் கேட்டது.

முதல் பலி தூக்கக்காரர். துணி கட்டியதும் கண்ணை மூடினார். தூக்கம் வரவில்லை. திறந்தார். மறுபடி மூடினார். சரக் என்று ஒன்று கேட்டு, பிறகு ஒன்றும் கேட்காததால், வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து, "ஆச்சா?" என்று சட்டென்று திரும்பினார். கத்திரி அதே நேரம் மூடியது. காது தப்பித்தது. காதுக்கு மேலே பெருவிரல் அகலத்துக்கு ஒரு சந்து விழுந்தது.

"நாளைக்கு அடையாள அட்டைக்கு போட்டோ எடுக்கறாங்க" என்றார் தூக்கக்காரர், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "அஞ்சு வருஷத்துக்கு மாத்த மாட்டாங்க."

சந்து தெரியாமல் இருக்க இவர் இந்தப் பக்கம் குறைத்தார், அதற்குச் சமமாக அந்தப் பக்கம் குறைத்தார். கடைசியில் அவர் தலை, மழை நேரத்தில் அவசரமாகக் களை எடுத்த தோட்டம் மாதிரி ஆனது. அந்த வாரம் இன்னும் இரண்டு பேர் பாதியில் எழுந்தார்கள், ஒருவர் வேறு கடைக்கே போய்விட்டார். நிறுத்தியது போதும் என்று மறுபடி சும்மா வெட்டை ஆரம்பித்தால், கை தடுமாறியது. எப்போது திறக்க, எப்போது மூட என்று யோசித்து யோசித்து வெட்டினார். யோசித்து வெட்டினால் முடி உருப்பட்ட மாதிரிதான். விளையாட்டும் வரவில்லை, தொழிலும் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் போனைத் தூக்கி எறிந்தார். அழுக்குத் துண்டுக் குவியலைப் பார்த்துத்தான் எறிந்தார், அது வேறு விஷயம்.

"எனக்கு வயசாயிடுச்சு. விட்டுடறேன்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் கண்ணைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

சீசனின் கடைசி நாள் செவ்வாய்க்கிழமையாகவே வாய்த்தது. சாயங்காலம் ஆறு மணியோடு முடியும். மத்தியானம் கடைக்குப் போனோம். ஷட்டரைப் பாதி இறக்கினார். முதல் ஆட்டம், பள்ளம், காலி. இரண்டாவது ஆட்டம், பள்ளம், காலி. மூன்றாவதில் பள்ளத்துக்கு முன்னாலேயே காலி. "இன்னொண்ணு, இன்னொண்ணு" என்று அவளிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். நான் துண்டை வாளியிலேயே போட்டுவிட்டு அந்தப் பக்கம் போனேன். அந்த முதுகைப் பார்க்க எரிச்சல் தாங்கவில்லை. யார் மேல் என்று கேட்காதீர்கள், எல்லோர் மேலும்தான்.

ஆணியில் தொங்கிய கத்திரியை எடுத்து அவர் வலது கையில் திணித்தேன். "அந்தக் கை சும்மா இருக்காதுன்னா இந்தாங்க, இதால வெட்டிக்கிட்டே ஆடுங்க."

வயிற்றெரிச்சலில் சொன்னதுதான். அவர் கத்திரியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மோதிர விரலில் அதை மாட்டிக்கொண்டு, கட்டை விரலை வெளியே எடுத்துவிட்டார். அப்படித் தொங்கவிட்டால் மற்ற விரல்களால் வேறு வேலை செய்யலாம். சீப்புப் பிடிக்க நாங்கள் எல்லோரும் செய்வதுதான். ஆட்டத்தை ஆரம்பித்தார். வேகமான இடம் இரண்டு கையும் பறந்தது, கத்திரி உள்ளங்கையில் ஆடாமல் கிடந்தது.

பள்ளம் வந்தது. கட்டை விரல் கத்திரிக்குள் நுழைந்தது. இடது விரல் திரையில் டக் என்று ஒரு தட்டு. வலது கை அந்தரத்தில், சக், சக். இடது டக். வலது சக், சக். பச்சை. பச்சை. பச்சை. பள்ளம் முழுக்க ஒரு சிவப்பு இல்லை. டிரம் முடிந்து, வாத்தியம் எல்லாம் திரும்ப வந்து, இவர் கட்டை விரலை வெளியே எடுத்து இரண்டு கையையும் போட்டார். தாண்டிவிட்டார்.

அப்போதுதான் திரையின் மறு ஓரத்தைப் பார்த்தேன். மகளுடைய உயிர்க்கோடு. எப்போதும் மேலேயே நிற்கும். அது மளமளவென்று இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு இல்லை. ஆட்டம் நின்றுவிட்டது.

"என்னம்மா ஆச்சு? நெட்டு போச்சா?" என்றார் இவர். அவள் சொன்னதைக் கேட்டதும் முகம் சுருங்கியது. "கைய எடுத்துட்டியா? ஏன்?" பொறுமை போய் இயர்போனை வெடுக்கென்று பிடுங்கினார். வயர் போனிலிருந்து கழன்றது. அவள் குரல் கடைக்குள் விழுந்தது.

"கத்திரி சத்தம் கேட்டுச்சுப்பா."

"அதுக்கு? நாலு மாசமா உயிர விட்டு இன்னிக்குத் தாண்டியிருக்கேன். நீ கைய எடுத்துட்டு உக்காந்திருக்க. ஆறு மணிக்கு இன்னும் நேரம் இருக்கு. எடு, இன்னொரு ஆட்டம் போடு."

"வேண்டாம்பா."

"என்ன வேண்டாம்? போடும்மா. இப்ப எனக்கு வந்துடுச்சு."

"அப்பா, போனைக் கீழ வைங்க. கத்திரிய மட்டும் ஆட்டுங்க. கொஞ்ச நேரம்."

இவருக்கு ஒன்றும் புரியவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். இத்தனை மாதமாகப் பட்ட பாடு எல்லாம் கைக்கு எட்டி நிற்கிறது, இந்தப் பெண் வேண்டாம் என்கிறாள். உதட்டைக் கடித்துக்கொண்டார். சீப்புத் தண்ணீர்ப் பக்கம் கண் போனது. ஆள் போகவில்லை. கத்திரியைத் தூக்கி, காலி நாற்காலிக்குப் பின்னால் வழக்கமாக நிற்கிற இடத்தில் போய் நின்றார்.

சக், சக். சக், சக்.

அவள் போர்வையை இழுத்துக்கொள்ளும் சத்தம் போனில் கேட்டது. அப்புறம் பேசினாள். குரல் தலையணைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது.

"அம்மாகிட்ட சொல்லாதீங்கப்பா."

கத்திரி ஒரு கணம் நின்றது. அவர் என்னைப் பார்த்தார். நான் தடுப்புப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கத்திரி மறுபடி ஓடியது. "சொல்லலம்மா" என்றார்.

"எனக்குத் தூக்கமே வர்றதில்லப்பா. ராத்திரி வேலை பாத்துட்டு வந்து பகல்ல படுத்தா கண்ணு மூட மாட்டேங்குது. ஆறேழு மாசமாச்சு. குப்பி மேல பேர மாத்தி ஒட்டிடுவேனோன்னு பயமா இருக்கு. நேத்திக்கு ஒண்ணு மாத்திட்டேன். நல்லவேளை, அந்த அக்கா பாத்துட்டாங்க. நீங்க ஆட்டுங்க. நிறுத்தாதீங்க."

ஆறேழு மாதம். தினமும் என்னிடம் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொன்ன ஆறேழு மாதம். எனக்குக் கேள்விகள் தொண்டை வரைக்கும் வந்துவிட்டன. டாக்டரிடம் போனாயா, அறையில் வெளிச்சம் வருகிறதா, ஜன்னலுக்குத் துணி போட்டிருக்கிறாயா, என்ன சாப்பிடுகிறாய், வேலையை விட்டுவிட்டு வந்துவிடேன். ஒன்று கேட்டால் போதும், அவள் விழித்து உட்கார்ந்துவிடுவாள். "எல்லாம் நல்லா இருக்கும்மா" என்று சொல்லிவிடுவாள்.

"அடுத்த வாரமும் கத்திரிய எடுத்து வைங்கப்பா" என்றாள். பாதி வார்த்தை வரவில்லை. பிறகு மூச்சுச் சத்தம் மட்டும், நீளமாக.

ஆறு மணிக்குத் திரையில் ஏதோ எழுத்து வந்தது. சீசன் முடிந்தது, ஜோடி கலைந்தது என்று போட்டிருப்பான். இவர் திரும்பிப் பார்க்கவில்லை. இடது கை தானாகக் கொஞ்சம் உயர்ந்து, நாற்காலிக்கு மேலே, ஒரு தாடை இருக்க வேண்டிய உயரத்தில் நின்றது. வலது கை வெட்டிக்கொண்டே இருந்தது.

நான் ஓசை வராமல் தடுப்பைச் சுற்றிப் போய் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். வாளியில் துண்டுகள் ஊறிக்கொண்டிருந்தன. துவைத்தால் சத்தம் கேட்கும். மடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டேன். முதல் தடவையாக எனக்கு இரண்டு பக்கமும் கேட்டது, அந்தப் பக்கம் அவர் கத்திரி, அதற்கும் அந்தப் பக்கம் அவள் மூச்சு. நான் ஒன்றும் செய்ய வேண்டாம், ஒன்றும் கேட்க வேண்டாம், சும்மா இருந்தால் போதும். அது எவ்வளவு கஷ்டம் என்று அவர் அன்றைக்கே கேட்டார்.